டப்பாவின் பின்பக்கம்

அன்புள்ள கயல்,

அப்பா நலம். மாமரம் இந்த வருடமும் ஏமாற்றிவிட்டது.

போன ஞாயிறு உன் அலமாரியில் ஒரு வெள்ளை டப்பா தெரிந்தது. கேட்டதற்கு, "முடிக்கும்மா, வெறும் வைட்டமின்" என்று சொல்லி கேமராவைத் திருப்பிவிட்டாய். அதன்பிறகு போனே இல்லை. சித்தி வீட்டுக் கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் உன் முடியைப் பற்றி நான் பேசியிருக்கக் கூடாது.

டாக்டருக்குப் படிக்கிற நம் செல்வத்திடம் கேட்டேன். பயோட்டின் என்கிற வைட்டமின் நாளுக்கு 30 மைக்ரோகிராம் போதுமாம். முடிக்கு விற்கிற மாத்திரையில் 10,000 வரை இருக்கிறதாம். அதைச் சாப்பிடுகிறவர் நெஞ்சுவலி என்று போனால், மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனை சில கருவிகளில் பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே எச்சரித்திருக்கிறது. போன மாதம் படபடப்பு என்றாயே, அதனால்தான் சொல்கிறேன். எமர்ஜென்சிக்குப் போக நேர்ந்தால் டப்பாவைக் கையோடு எடுத்துப் போ. கேட்காவிட்டாலும் சொல். நாற்பது பேருக்கு வேலை சொல்கிறவள், அம்மா சொன்னால் மட்டும் காதில் விழாது. டப்பாவை எடுத்துப் போ.

நான் சொல்லவில்லை, கயல். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ராத்திரி அந்தச் சின்ன வயது டாக்டர் மூன்று தடவை கேட்டார், "நாட்டு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா?" என்று. இல்லை என்றேன். இருமலுக்கென்று நாலு மாதமாக இருவேளையும் அதிமதுரக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தேன். டம்ளர் அடியில் மஞ்சளாகப் படிந்திருக்குமே, அதேதான். மருந்தென்றே தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், பொய். திட்டுவார்கள் என்று பயந்தேன். அதிமதுரம் பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கிவிடுமாம். அப்பாவின் நீர் மாத்திரையும் அதையேதான் இறக்கும். பொட்டாசியம் 2.3, இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, காரணம் தெரியாமல் அவர்கள் விடிய விடியத் தேடினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காலையில்தான் நர்ஸிடம் வாயைத் திறந்தேன்.

சாயங்காலம் நீ போனில் போட்ட சண்டையால்தான் அப்பா விழுந்தார் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் நினைக்கவிட்டேன். அதன்பிறகு நீ அந்தப் பையனைப் பற்றிப் பேசவே இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நீ கூப்பிடுகிற அன்று அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்கிறேன்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. பொடி எழுத்தும் தெரியவேண்டும்.

அம்மா