எரிந்த மலையில் கன்று வைக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கலிபோர்னியாவில் அல்டடீனா ஊருக்கு மேலே எரிந்த சரிவில் கன்று நடப் போகிறவர்களோடு நீயும் சேர்ந்திருக்கிறாய் என்று அம்மா சொன்னா. சரியான சந்தோஷம். போகமுதல் தியடோர் லூக்கன்ஸைப் பற்றிக் கொஞ்சம் கேள், நூறு வருசத்துக்கு முன்பே அந்த மலைத்தொடரில் இதே வேலையைச் செய்தவர்.

பசடீனாவில் வங்கி, காணி வியாபாரம், மேயர் பதவி என்று இருந்த மனுசர். மலை எரிந்தால் கீழே தண்ணீரும் குறையும், மழைக்குச் சேறும் ஊருக்குள் வரும், ஆகவே மலை மரமும் ஊர்த் தண்ணீரும் ஒரே விசயம் என்று நம்பினார். காணி விற்கிற ஒருவர் அந்தக் காலத்தில் அப்படி யோசித்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். 1903இல் ஹெனிங்கர் ஃபிளாட்ஸில் நாற்றுமேடை போட்டார்கள், ஈட்டன் பள்ளத்தாக்குக்கு மேலே, 2025 ஜனவரித் தீ தொடங்கின பக்கம்தான்.

அவர் நம்பின மரம் நாப்கோன் பைன். அதன் காய் பிசினால் இறுகி வருசக்கணக்காய் மூடிக் கிடக்கும், நெருப்புச் சூடு பட்டால் விரிந்து விதையைக் கொட்டும். எரிகிற மலைக்கு இதைவிடத் தோதான மரம் எது என்று அவர் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நட்டதில் நிறைய வறட்சியில் பட்டுப்போயின. அந்தச் சரிவுகளில் பெரும்பகுதி சப்பரல் என்கிற பற்றைக்காடு, எரிந்தாலும் பல பற்றைகளின் அடிக்கட்டை சாகாது, தானாகத் துளிர்க்கும்.

கந்தளாய்ப் பக்கம் சேனைப் பயிருக்குக் காடு வெட்டி எரித்துவிட்ட நிலத்தை நீயும் பார்த்திருக்கிறாய்தானே, யாரும் நடாமலே முதலில் பற்றை, அப்புறம் மெல்ல மெல்ல வீரை மரமும் பாலை மரமும். அதனால் கன்றைத் தூக்கிக்கொண்டு ஏறமுதல், போன மாரிக்கு எது தானாக வந்திருக்கிறது, எங்கே மண் மொட்டையாகவே கிடக்கிறது என்று பாருங்கள். மொட்டை இடத்தில் மட்டும், அந்த மலையிலேயே பொறுக்கின விதையில் வந்த கன்றை வையுங்கள். காட்டுக் கடுகு படர்ந்திருந்தால் அதைப் பிடுங்குவதும் மரம் நடுவதற்குச் சமமான வேலை, காய்ந்தால் அடுத்த தீக்கு அதுதான் விறகு.

மழை எச்சரிக்கை உள்ள நாளில் மட்டும் அந்தப் பக்கம் போகாதே பிள்ளை. எரிந்த மண் தண்ணீரை லேசில் உறிஞ்சாது, பெய்கிற மழை கல்லும் சேறுமாய்க் கீழே இறங்கும். எது முதலில் துளிர்த்தது என்று படம் எடுத்து அனுப்பு.

அப்பா,
திருகோணமலை