தடுப்பணையைத் தூர்வார இன்னும் இரண்டு லட்சம் வேண்டும்: சௌராஷ்டிர ஊர் ஒன்றின் வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில், அம்ரேலி மாவட்டத்தில் சுமார் 260 வீடுகள் உள்ள ஊர் எங்களுடையது. மழைக்கு நிலக்கடலையும் பருத்தியும் போடுவோம். கிணற்றில் தண்ணீர் மிஞ்சினால் பனிக்காலத்தில் கோதுமை, சீரகம். ஊருக்கு மேற்கே ஓடும் ஓடையில் (இங்கே அதை வோகளோ என்பார்கள்) 18 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரத்தில் ஒரு தடுப்பணை இருக்கிறது. இன்று அதில் முக்கால்வாசி மண். வரும் மழைக்குள் அதைத் தூர்வார வேண்டும், அரித்துப்போன இடது கரையைக் கட்ட வேண்டும், பக்கத்துக் கிணறுகள் பன்னிரண்டுக்கு மழைநீர் வடிகட்டி போட வேண்டும், மாடுகள் குடிக்கும் தொட்டியைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்திருக்கிறது. மொத்தச் செலவு ₹4,60,000. சேர்ந்திருப்பது ₹2,60,000. மீதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

தமிழில் கேட்பதற்குக் காரணம் உண்டு. இங்கே விளையும் பருத்தி பெரும்பாலும் சங்கர்-6 என்கிற ரகம். கோவை, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைக்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். உங்கள் வீட்டு ரசத்துச் சீரகத்திலும் குஜராத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அகமதாபாத் மணிநகரிலும் சுற்றிலும் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழர்களுக்கு எங்கள் வெயிலையும் வறட்சியையும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம்.

இங்கே நிலத்துக்கடியில் தண்ணீர் தேங்க மணற்படுகை கிடையாது. மேலே கரிசல், பல இடங்களில் ஓர் ஆள் உயரம்கூட வராது. அதன் கீழே மோரம் என்கிற உதிர்ந்த பாறை. அதற்கும் கீழே எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. தண்ணீர் தங்குவது மோரத்திலும் பாறை வெடிப்புகளிலும் மட்டும்தான். சின்னக் குடம் மாதிரி சீக்கிரம் நிறையும், சீக்கிரம் காலியாகும். நூற்றுக்கணக்கான அடிக்கு ஆழ்துளை போட்டாலும் வெடிப்பு அகப்படாவிட்டால் வெளியே வருவது புழுதிதான். மழையோ ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரைக்கும்தான், அதிலும் பெரும்பகுதி சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே நிலத்தைப் பிகாவில் அளப்போம். இரண்டரை பிகா ஓர் ஏக்கர். ஒரு பிகாவில் ஓர் அங்குல மழை பெய்தால் 41,000 லிட்டர். அது ஓடி மறைவதற்குள் பிடித்து மோரத்துக்குள் இறக்க வேண்டும், வேலை அவ்வளவுதான்.

சௌராஷ்டிரம் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. 1985 முதல் 1987 வரை தொடர்ந்து மழை பொய்த்தது. 1986 இல் ராஜ்கோட் நகரத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் பாண்டுரங்க சாஸ்திரி அதாவலேயின் ஸ்வாத்யாய் என்கிற ஆன்மிக இயக்கத்தவர்கள் ஓடைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் திருப்பும் முறையை ஊர் ஊராகப் பரப்பினார்கள். அன்றைய பாவ்நகர் மாவட்டத்துக் கோபாளா கிராமத்துத் தடுப்பணைகளைப் பார்த்து மற்ற ஊர்களும் இறங்கின. இங்கிருந்து சூரத்துக்குப் போய் வைரம் தீட்டும் தொழிலில் இருப்பவர்கள் சொந்த ஊர்களுக்குப் பணம் அனுப்பினார்கள். 2000 இல் மாநில அரசு செலவில் 60 பங்கு தான் தருவதாகவும் 40 பங்கு ஊர் போட வேண்டும் என்றும் திட்டம் அறிவித்தது. எங்கள் தடுப்பணையும் அந்தக் கணக்கில் கட்டியதுதான். கட்டப் பணம் தந்த திட்டத்தில் தூர்வாரப் பணம் கிடையாது. பல தடுப்பணைகள் கெட்டது இதனால்தான்.

அணையில் தண்ணீர் தளும்பி நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. நல்ல தடுப்பணையில் தண்ணீர் நிற்காது, இறங்கும். சுவரில் பெயின்ட்டால் அளவுகோல் வரைந்து வைத்திருக்கிறோம். கடந்த அக்டோபரில் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் மட்டுமே குறைந்தது, அதிலும் பாதியை வெயில் குடித்துவிட்டது. காரணம் அடியில் படிந்த களி. ஒவ்வொரு வெள்ளத்திலும் கடைசியாகப் படிவது மாவு போன்ற நுண்ணிய களிமண். அது மோரத்தின் கண்களையெல்லாம் மெழுகிவிட்டது. 350 மீட்டர் நீளம், சராசரி 14 மீட்டர் அகலம், முக்கால் மீட்டர் கனம் என்று அளந்தால் 3,675 கன மீட்டர் மண். எடுத்தால் அதே அளவுக்கு, அதாவது 36 லட்சம் லிட்டருக்கு மேல், இடம் திரும்பக் கிடைக்கும். அதைவிட முக்கியம், அடி திறக்கும். ஒரு பருவத்தில் மூன்று நான்கு முறை நிரம்பி மூன்று நான்கு முறையும் இறங்கினால்தான் கிணற்றில் தெரியும்.

வெட்டியதும் மண் பொங்கும். 3,675 என்பது டிராலியில் 4,600 கன மீட்டர் ஆகும். ஒரு டிராலிக்கு 3 கன மீட்டர், ஆக 1,530 நடை. பெரிய மண்வெட்டும் இயந்திரம் மணிக்கு 45 கன மீட்டர் வெட்டும். ஆனால் டிராலிகள் வரிசையில் நின்றால்தான். டிராலி வராமல் இயந்திரம் சும்மா நின்றாலும் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். இதில்தான் பல ஊர்கள் பணத்தைக் கோட்டைவிட்டிருக்கின்றன. 82 மணி நேர வேலையைப் பத்து நாளில் முடிக்க, நாளுக்கு 12 நடை அடிக்கும் 13 டிராக்டர்கள் வேண்டும். பதினைந்து பேர் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பழுதுக்கு ஒதுக்கியது.

டிராக்டர் செலவு உங்கள் பணத்தில் இல்லை. மண்ணை எடுத்துப்போகிற விவசாயியே டீசல் போட்டுக்கொள்கிறார். இங்கே காம்ப் எனப்படும் இந்த வண்டல், உங்கள் ஊர்க் கரம்பை மாதிரிதான். மோரம் தெரியும் மெலிந்த நிலத்தில் இரண்டு அங்குலம் பரப்பினால் நல்ல பலன். ஒரு பிகாவுக்கு 27 டிராலி பிடிக்கும், மொத்த மண்ணும் 57 பிகாவுக்குப் போதும். ஏற்கெனவே கனத்த கரிசலாக இருக்கும் வயலில் கொட்டக்கூடாது, தண்ணீர் வடியாமல் கடலை அழுகும். கேட்டவர்களில் நான்கு பேருக்கு இதனால் இல்லை என்று சொல்லியிருக்கிறோம். அவர்களுக்கு வருத்தம்தான். கரையிலேயே குவித்துவிட்டுப் போவதும் கிடையாது, முதல் வெள்ளத்திலேயே அது திரும்பி அணைக்குள் வந்துவிடும்.

தோண்டும்போது மூன்று விதி. சுவரை ஒட்டி 3 மீட்டர் வரை கை வைக்கக்கூடாது, அஸ்திவாரத்தின் பிடி தளர்ந்துவிடும். மோரம் தென்பட்டதும் நிறுத்த வேண்டும். இரு கரையும் ஒன்றுக்கு இரண்டு சரிவில் (ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலம்) இருக்க வேண்டும், ஊர்ப் பக்கத்தில் ஓரிடத்தில் ஒன்றுக்கு நான்கு. கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் தண்ணீர் குடிக்க இறங்கும் எருமை ஏற முடியாமல் சேற்றில் மாட்டிக்கொள்ளும்.

இடது கரைக்கு வருவோம். கட்டியபோது சுவரின் முனையைக் கரைக்குள் அரை மீட்டர்தான் செலுத்தியிருக்கிறார்கள். வெள்ளம் சுவரைத் தாண்டிப் போவதற்குப் பதிலாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு போகிறது. இப்போது அங்கே ஒன்றரை மீட்டர் இடைவெளி. தூர்வாரிவிட்டு இதை விட்டால் பணமெல்லாம் வீண். சுவரை இன்னும் இரண்டரை மீட்டர் கரைக்குள் நீட்டி, பின்னால் மோரத்தை 20 சென்டிமீட்டர் அடுக்காக நனைத்து இடிக்க வேண்டும். கரிசலைப் போட்டு நிரப்பினால் அடுத்த கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், தண்ணீர் அந்த வழியே போகும். சுவருக்குக் கீழ்ப்புறம் விழும் தண்ணீர் குழி பறித்திருக்கிறது. அங்கே 18 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் கனத்தில் கல் கலந்த கான்கிரீட் தளம். எல்லாமாக 17 கன மீட்டர் கான்கிரீட். மே மாத வெயிலில் 14 நாள் ஈரச் சாக்கு போட்டு வைக்காவிட்டால் அது வெறும் சுண்ணாம்புக் கட்டி. இதற்கான டேங்கர் தண்ணீரைச் செலவில் சேர்த்திருக்கிறோம்.

கிணற்று வடிகட்டி எளிய வேலை, ஆனால் கெடுவதும் எளிது. வயலின் தாழ்ந்த மூலையில் முதலில் ஒரு வண்டல் குழி. அதிலிருந்து வழியும் தண்ணீர் 2 மீட்டர் நீள அகல ஆழமுள்ள வடிகட்டிக் குழிக்குப் போகும். அடியில் தலையளவுக் கருங்கல், நடுவில் ஜல்லி, மேலே பருமணல். குழியின் அடியிலிருந்து 6 அங்குல பிவிசி குழாய் கிணற்றுக்குள் போகும். குழாய் முனை கிணற்றுச் சுவரைத் தாண்டி ஒன்றரை அடி கிணற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுவரோடு வெட்டிவிட்டால் தண்ணீர் கட்டுக்கல்லை அரித்துக் கிணறே சரியும். இட நெருக்கடி என்று வண்டல் குழியை விட்டுவிட்டால் ஒரே மழையில் மணல் அடைத்துவிடும். ஆண்டுதோறும் மேல் மணலை இரண்டு அங்குலம் சுரண்டிக் கழுவிப் போட வேண்டும். மருந்தும் சாணமும் கலந்து வரும் முதல் மழைத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். குடிக்க எடுக்கும் கிணறுகளை இந்தப் பன்னிரண்டில் சேர்க்கவில்லை. ஒரு வடிகட்டிக்கு ₹14,000. குழி தோண்டுவதும் கல்லும் கிணற்றுக்காரர் பொறுப்பு, ₹5,000 மதிப்பு. மீதி ₹9,000 எங்கள் சீரமைப்புக் குழுவுடையது.

தொட்டியை இங்கே அவேடோ என்பார்கள். ஊர் முகப்பில் இருக்கிறது. பழையது கீறல் விட்டு ஒழுகுகிறது, சுற்றிலும் குளம்புக் குழி, சேறு. கோடையில் ஓர் எருமை நாளுக்கு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும். புதியது 20 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம், கொள்ளளவு 4,500 லிட்டர். மேய்ச்சலுக்கு வரும் பர்வாட், ரபாரி குடும்பங்களின் செம்மறிகளுக்குப் பக்கத்தில் தாழ்வான ஒரு சிறு தொட்டி. சுற்றிலும் ஆறடிக்குக் கல் பாவுதல், அடியில் வெளியேற்றும் குழாய். அந்தக் குழாய் இல்லாவிட்டால் யாரும் கழுவ மாட்டார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை உள்ளே சுண்ணாம்பு அடித்தால் பாசி வராது.

கணக்கு: தூர்வாருதல் மணிக்கு ₹1,800 வீதம் ₹1,47,600. கரை, தளம், விரிசல் பூச்சு, டேங்கர் ₹1,20,000. வடிகட்டிகள் ₹1,08,000. தொட்டிகள் ₹84,400. கிணற்றுப் பாசனமுள்ள 1,400 பிகாவுக்குப் பிகாவுக்கு ₹100 வரி போட்டு ₹1,40,000 வசூலாகிவிட்டது. நிலமில்லாத வீடுகளிடம் வாங்கவில்லை, அவர்கள் கல் பாவும் வேலைக்கு வருகிறார்கள். சூரத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வந்தபோது ₹1,20,000 தந்தார்கள். பறவைகளுக்குத் தானியம் போடும் சபூதரோவுக்கு உத்தராயணத்தன்று வசூலித்த பணம் தனி, அதைத் தொடுவதில்லை.

₹1,800 கொடுத்தால் ஒரு மணி நேர வேலை, 45,000 லிட்டருக்கு இடம். ₹9,000 ஒரு கிணறு. ₹100 தந்தாலும் ரசீது உண்டு. நன்கொடையாளர் பெயரைச் சலவைக்கல்லில் பொறிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். இம்முறை வேண்டாம் என்று வைத்துவிட்டோம், ஒரு கல்லின் விலையில் இயந்திரம் நான்கு மணி நேரம் ஓடும். பெயர்கள் ஊர்ச்சாவடிப் பலகையில் செலவுக் கணக்கோடு சேர்த்து எழுதப்படும், அதன் படம் உங்களுக்கு வரும். நாங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை அல்ல, ஆகவே 80ஜி வரிச் சலுகை ரசீது தர இயலாது. பணம் குழுவின் கூட்டு வங்கிக் கணக்குக்கு மட்டும் வரட்டும். மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும். கணக்கு எண் இந்தக் கடிதத்தை உங்களிடம் தந்தவரிடம் இருக்கிறது. யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

ஓடை மார்ச் கடைசியில் காயும். ஏப்ரல் 15 கரை வேலை, மே 5 இயந்திரம், மே 20 வடிகட்டி. பீம் அகியாரஸ் எனும் ஆனி ஒட்டிய ஏகாதசி வந்தால் எல்லோரும் விதைப்புக்குப் போய்விடுவார்கள், பிறகு டிராக்டர் கிடைக்காது. பணம் குறைந்தால் முதலில் தொட்டியைத் தள்ளிவைப்போம், பிறகு வடிகட்டிகளில் சிலவற்றை. கரையையும் தூர்வாருதலையும் பிரிக்க மாட்டோம். ஜூன் 10க்குப் பிறகு வரும் தொகை அடுத்த கோடை வரை கணக்கிலேயே இருக்கும். வேண்டாம் என்றால் சொல்லுங்கள், திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
தடுப்பணைச் சீரமைப்புக் குழுவினர்