எந்தப் பல்லுக்கு எந்த அடைப்பு

கும்பகோணம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. கீழ்த்தாடையில் இரண்டு பற்களில், ஒன்றில் மெல்லும் பரப்பிலும் மற்றொன்றில் ஈறோரத்திலும், சொத்தை விழுந்திருப்பதாகவும், எதைக் கொண்டு அடைப்பது என்று அங்கே பெர்லினில் உன்னையே முடிவு செய்யச் சொல்லிவிட்டார்கள் என்றும், நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது நான் அடைத்த வெள்ளியையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். எது உயர்ந்த பொருள் என்பது உன் கேள்வி. குழி பல்லின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அடைக்கும் நேரத்தில் அந்த இடத்தை எச்சில் படாமல் வைத்திருக்க முடியுமா என்ற இரண்டும் தெரியாமல் அதற்கு எந்தப் பல் மருத்துவரும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

பழைய வெள்ளியை முதலில் பார்ப்போம். வெள்ளி என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், அமால்கம் என்ற இந்த உலோகக் கலவையின் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். வெள்ளியும் வெள்ளீயமும் செம்பும் மீதிப் பாதியில்தான். நான் படித்த காலத்தில் இதைச் சிறு கல்வத்தில் அரைத்து, மெல்லிய துணியில் முடிந்து பிழிவோம். மிகுதிப் பாதரசம் முத்து முத்தாக உருண்டு வெளியே வரும். மிஞ்சியதைக் குழிக்குள் வைத்து அழுத்தும்போது நறநறவென்று மெல்லிய ஒலி எழும். அளந்து அடைத்த கேப்சூல் வந்த பிறகு அந்தப் பிழிதல் ஒழிந்தது; எங்கள் கைகளுக்கு அது நல்ல காலம். அமால்கம் பல்லில் ஒட்டாது. ஆகவே குடத்தைப் போல வாய் குறுகி வயிறு அகன்ற குழியாகக் குடைந்தால்தான் உள்ளே தங்கும் என்பதால், சொத்தையோடு நல்ல பல்லும் சிறிது போய்விடும். இருந்தாலும் கொஞ்சம் ஈரம் பட்டாலும் பொறுத்துக்கொண்டு இறுகி, கடைவாய்க் கடியை ஆண்டுக்கணக்கில் தாங்கும் பொருள் அது.

ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலையிலேயே 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அமால்கத்தை நிறுத்தியது. 2025 ஜனவரி 1 முதல், மருத்துவர் இன்றியமையாதது எனக் கருதும் நிலை தவிர, எல்லோருக்கும் நிறுத்திவிட்டது. காற்றிலும் நீரிலும் பாதரசம் சேர்வதைக் குறைப்பதே இதன் முதன்மையான நோக்கம். அதைப் படித்துவிட்டு உன் வாயில் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். விளிம்பு உடையாமல், அடியில் புதிய சொத்தை இல்லாமல் இருக்கும் வெள்ளியைத் துளைத்தெடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாகக் கிளம்பும். எக்ஸ்ரேயில் அடிப்பகுதி சுத்தமாக இருந்தால் அதைத் தொட விடாதே.

மெல்லும் பரப்பில் உள்ள குழிக்குக் காம்போசிட் போதுமானது. பிசினுக்குள் மிக நுண்ணிய கண்ணாடி, சிலிக்காத் துகள்களைக் கலந்து செய்யும் இப்பொருளுக்கு 1960களில் ரஃபேல் போவன் உருவாக்கிய பிசின்தான் அடித்தளம். அதற்கு முன்பே, 1955இல், பல்லின் மேலுறையான எனாமலை அமிலத்தால் அரித்தால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று மைக்கேல் புவனகோர் காட்டியிருந்தார். இன்றும் பாஸ்பாரிக் அமிலக் கூழைச் சில நொடிகள் தடவிக் கழுவி உலர்த்தினால் எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். அதன்மேல் ஒட்டுப்பொருளைப் பூசி, காம்போசிட்டை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல ஒளியில் இறுக்குவார்கள். இறுகும்போது அது சற்றுச் சுருங்கும். மொத்தமாகத் திணித்தால் ஓரத்தில் இடைவெளி விழுந்து, கூச்சமும் பிறகு மறுபடி சொத்தையும் வரும் என்பதால்தான் இந்த அடுக்கு வேலை. (ஒரே தடவையில் தடித்து வைக்கத் தனி வகையும் இப்போது உண்டு.) நடுவில் எச்சிலோ இரத்தமோ பட்டால் ஒட்டு பலனற்றுப் போகும். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு போடுவார்களா என்று கேள். விலையைக் கேட்பதைவிட இதைக் கேட்பது முக்கியம்.

ஈறோரத்தில் இருக்கும் இரண்டாவது குழியில் ஈரத்தை அடக்குவது கடினம். அங்கே கிளாஸ் அயனோமர்தான் என் தேர்வு. இங்கிலாந்தில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கி 1970களில் புழக்கத்துக்கு வந்த இந்தச் சிமென்ட், ஒட்டுப்பொருள் இல்லாமலே பல்லின் கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும். சிறிது சிறிதாக ஃபுளோரைடையும் வெளியிடும். கடிக்கும் இடத்தில் தேய்ந்துவிடும் என்பதுதான் குறை, ஈறோரத்தில் அந்தத் தொல்லை குறைவு. பிசின் கலந்த வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

தங்கமும் பீங்கானும் வெளியே வார்த்தோ கடைந்தோ கொண்டுவந்து ஒட்டும் வேலை; பல்லின் முனை உடைந்த பெரிய குழிகளுக்குத்தான் அந்தச் செலவு தகும், உனக்கு வேண்டாம். அங்குள்ள பொதுக் காப்பீட்டில் கடைவாய்ப் பற்களுக்குத் தானே ஒட்டும் வகைப் பொருளைக் கூடுதல் கட்டணமின்றி அடைப்பார்கள். ஆகவே ஈறோரக் குழிக்குப் பணம் கேட்டால் காரணம் கேள். மேற்பரப்புக்கு அடுக்குக் காம்போசிட் என்றால் கூடுதல் கட்டணத்தைத் தயங்காமல் கொடு.

அடுத்த சந்திப்பு வரை தற்காலிகமாக அடைத்துவிட்டால், வாயில் கிராம்பு வாசனை வருகிறதா என்று பார். அது துத்தநாக ஆக்சைடும் கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனாலும் கலந்த சிமென்ட். வலியை அடக்கும், ஆனால் அதன் மிச்சம் இருந்தால் காம்போசிட் சரியாக இறுகாது. முழுதும் சுரண்டி எடுக்கச் சொல்.

அடைத்து முடித்ததும் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். மரத்துப்போன வாயில் அடைப்பின் உயரம் தெரியாது. மறுநாள் அந்தப் பல் மட்டும் முதலில் முட்டினாலோ கடித்தால் வலித்தாலோ, பழகிவிடும் என்று இருக்காமல் போய்த் தேய்த்துக்கொண்டு வா. எக்ஸ்ரே படத்தை இன்றே அனுப்பு.

அன்புடன்,
அம்மா