மேப்பில் இருக்கும் கடை யாருடையது? மெக்கானிக் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஏசி மெக்கானிக், பிளம்பர், எலக்ட்ரீஷியன் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

சங்கக் கூட்டத்துக்கு வந்து காலண்டர் கொடுத்துவிட்டு, ‘கூகுளில் முதல் இடம் கேரண்டி, வருஷ பேக்கேஜ்’ என்று பேசிவிட்டுப் போகிறவர்களுக்கு மைக் கொடுப்பது நீங்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு. அந்த கேரண்டியை யாராலும் தர முடியாது. தேடும் விஷயத்துக்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து தூரம், உங்கள் தொழில் வெளியில் எவ்வளவு பிரபலம் என்பது ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் கூகுள் வரிசைப்படுத்துகிறது. மதுரை வில்லாபுரத்தில் தேடுபவருக்கும் ஆனையூரில் தேடுபவருக்கும் ஒரே வரிசை வராது.

கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழிலைக் காட்டும் பதிவான கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். ‘பணம் கட்டாவிட்டால் மேப்பிலிருந்து எடுத்துவிடுவோம்’ என்று வரும் போனை அப்படியே வைத்துவிடலாம்.

பெரிய சிக்கல் உரிமையில்தான் வருகிறது. பேக்கேஜ்காரர் தன் ஜிமெயிலில் புரொஃபைலைத் திறந்து, தன் நம்பரைப் போட்டு, வரும் அழைப்பை உறுப்பினருக்குத் திருப்பிவிடுகிறார். அடுத்த வருஷம் பணம் கட்டவில்லையா, 80 ரிவ்யூவோடு அந்த இடம் அவர் கையில் நின்றுவிடும். ‘பிரைமரி ஓனர்’ உறுப்பினரின் சொந்த ஜிமெயிலாக இருக்க வேண்டும். வேலை செய்து கொடுப்பவர் ‘மேனேஜர்’ மட்டும்தான். புரொஃபைல் செட்டிங்ஸில் யாருக்கு என்ன அனுமதி என்ற பகுதியைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏற்கெனவே சிக்கியவர்கள் மேப்பில் தங்கள் கடையைத் திறந்து உரிமை கோரலாம். இப்போது வைத்திருப்பவர் பதில் சொல்ல 3 நாள் அவகாசம்; பதில் இல்லையென்றால் பெரும்பாலும் வெரிஃபிகேஷன் (தொழில் உங்களுடையதுதானா என்று கூகுள் சரிபார்ப்பது) மூலம் கேட்க வழி திறக்கும். கைக்கு வந்த பிறகும் 7 நாள் கழித்துத்தான் பழைய ஆளை நீக்க முடியும். மகன் போனில் திறந்த ஜிமெயில், பாஸ்வேர்டு மறந்த ஜிமெயில் இதைவிடத் தலைவலி. முதலில் ஜிமெயிலை மீட்க உதவும் ரெக்கவரி நம்பரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். போர்டிலும் பில்லிலும் ‘செல்வி ஏசி சர்வீஸ்’ என்று இருந்தால் மேப்பிலும் அதேதான். ‘செல்வி ஏசி சர்வீஸ் பெஸ்ட் மெக்கானிக் மதுரை 24 மணி நேரம்’ என்று நீட்டினால் சஸ்பெண்ட் ஆகும் ஆபத்து உண்டு. ஒரே ஆள் நாலு ஏரியாவில் நாலு போலி முகவரி போடுவதும் அப்படியே. வாடிக்கையாளர் தேடி வரும் கடை இல்லாதவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, போய் வேலை செய்யும் பகுதிகளைக் கொடுக்கலாம். 20 வரை போடலாம். சஸ்பெண்ட் ஆகி அப்பீல் செய்தால் ஆவணம் சேர்க்க 60 நிமிடம்தான். உத்யம் (சிறு தொழில் பதிவு) அல்லது ஜிஎஸ்டி சான்றிதழ், கரண்ட் பில் எல்லாம் முன்கூட்டியே போனில் இருக்க வேண்டும். அவற்றில் உள்ள பெயரும் முகவரியும் புரொஃபைலோடு ஒத்துப்போக வேண்டும்.

புரொஃபைலில் தேர்ந்தெடுக்கும் முதன்மை கேட்டகரியும் (தொழில் வகை) பலரிடம் தப்பாக இருக்கிறது. ‘ஏர் கண்டிஷனிங் ஸ்டோர்’ என்று வைத்துவிட்டு, ‘புது ஏசி என்ன விலை’ என்றே போன் வருகிறது என்று சலித்துக்கொள்கிறார்கள். ‘ஏர் கண்டிஷனிங் ரிப்பேர் சர்வீஸ்’ என்று மாற்றினால் போதும். பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேரை கூடுதல் கேட்டகரியாகச் சேர்க்கலாம்.

ரிவ்யூ விஷயத்தில் உங்கள் மீதே ஒரு குறை உண்டு. கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் 5 ஸ்டார் போட்டுக்கொள்வதை நிறுத்தச் சொல்லுங்கள். போலி என்று கண்டால் கூகுள் அவற்றை எடுத்துவிடும். சில காலம் புது ரிவ்யூ வராமலும் தடுத்துவிடும், எச்சரிக்கைப் பலகையும் போடும். தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்குவதும் விதிமீறல். வேலை முடிந்து, ஏசி குளிர்ந்து, வாடிக்கையாளர் பில்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் போனிலேயே உங்கள் ரிவ்யூ பக்கத்தின் கியூஆரை ஸ்கேன் செய்யச் சொல்வதுதான் சரியான நேரம்.

‘கேஸ் போட்டு 10 நாளில் கூலிங் போச்சு’ என்று 1 ஸ்டார் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். ‘லீக் சரிபார்க்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் இப்படி ஆகும். நாளை காலை வந்து பிரஷர் டெஸ்ட் செய்து தருகிறோம், லீக் பார்க்கக் கட்டணம் இல்லை’ என்று எழுதலாம். இதை அந்த வாடிக்கையாளரைவிட, அடுத்து ஆள் தேடுபவர்தான் கவனமாகப் படிப்பார். பதிலில் வாடிக்கையாளரின் நம்பரோ தெருப் பெயரோ வரக்கூடாது.

வாட்ஸ்அப் பிசினஸில் குயிக் ரிப்ளை (முன்பே எழுதி வைத்த பதில்) ஒன்று தயாராக இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்: ‘எத்தனை டன்? ஸ்பிளிட்டா, விண்டோவா? எர்ரர் கோட் வருகிறதா? அவுட்டோர் யூனிட் எந்த மாடியில்? ஒரு போட்டோவும் லொகேஷனும் அனுப்புங்கள்.’ ஏணி எடுத்துப்போவதா, உதவிக்கு ஆள் வேண்டுமா என்பது கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். ‘போகவே மாட்டேங்குது’ என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். பில் கொடுக்கும்போதே நம்பரைச் சேமிக்கச் சொல்ல வேண்டும். மொத்தமாக அனுப்பும் திருட்டு சாப்ட்வேரைத் தொட்டால் வாட்ஸ்அப் நம்பரையே முடக்கிவிடும்.

கூகுள் விளம்பரம் கடைசியில்தான். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் லொகேஷனில் ‘அங்கே இருப்பவர்கள்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுக்கவும். மாற்றாமல் விட்டால் மதுரையில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரருக்கும் காட்டிக் காசு கரையும். வேலை, சம்பளம், கோர்ஸ் ஆகிய சொற்களை நெகட்டிவ் கீவேர்டில் (விளம்பரம் காட்டக் கூடாத தேடல் சொற்கள்) போடவும்.

அடுத்த கூட்டத்தில் பேக்கேஜ் பேச்சுக்குப் பதில் அரை நாள் பயிற்சி வையுங்கள். ஒரு தடவைக்கு 10 பேர் போதும். வெரிஃபிகேஷனுக்கு பெரும்பாலும் வெட்டாமல், ஒட்டாமல் ஒரே ஓட்டமாக 30 நொடிக்குக் குறையாத வீடியோ கேட்கிறார்கள். தெருப் பலகை, டூல்ஸ், பெயர் எழுதிய வண்டி, பூட்டைத் திறப்பது எல்லாம் அதில் வர வேண்டும். அதைத் தொழில் நடக்கும் இடத்தில்தான் எடுக்க முடியும் என்பதால், பயிற்சியில் ஒத்திகை மட்டும் பார்க்கலாம். உறுப்பினர்கள் கொண்டுவர வேண்டியவை: சொந்த ஜிமெயில் திறந்திருக்கும் போன், உத்யம் அல்லது ஜிஎஸ்டி சான்றிதழ், கரண்ட் பில், டூல்ஸ் பை.

இப்படிக்கு,
சிறு தொழில்களுக்கு இணையப் பதிவு வேலை செய்து தருவோர்