எல்லா வேலைக்கும் ஏற்றது என்று விற்கப்பட்ட அலுமினிய ஏணி குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், தஞ்சாவூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: 12.5 அடி நீட்டி மடக்கும் ஏணி – தவறான ஆலோசனையால் நேர்ந்த விபத்து – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த ஆவணி மாதம் தங்களிடம் மேற்படி ஏணியை வாங்கினேன். வாங்கும் முன் தங்கள் சேவை எண்ணில் பேசி, எங்களுக்கு இருந்த இரண்டு வேலைகளையும் விளக்கினேன். மொட்டை மாடியிலிருந்து 10 அடி உயரத்தில், மாடிப்படி அறையின் மேல்தளத்தில் உள்ள தண்ணீர்த் தொட்டியை மழைக்காலத்துக்கு முன் கழுவ வேண்டும். வாசலில், மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரை ஒட்டியுள்ள விளக்கை மாற்ற வேண்டும். "இரண்டுக்கும் இதுவே தாராளம்" என்று தங்கள் ஊழியர் உறுதியளித்தார். தங்கள் விற்பனைப் பக்கத்திலும் எல்லா வேலைக்கும் ஏற்றது என்றே எழுதியிருக்கிறது.

தொட்டியைக் கழுவ என் கணவர் ஏறிய அன்று நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேல்தளத்தின் விளிம்புக்கு மேலே ஏணி இரண்டடிதான் நீண்டிருந்தது. நிமிர்ந்து நின்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் அவர் குனிந்து, உடலைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு காலைத் தளத்தில் வைக்க முயன்றார். அந்த அழுத்தத்தில் ஏணியின் வலக்காலில் இருந்த ரப்பர் புஷ் கழன்று, வெறும் அலுமினியக் குழாய் டைல்ஸில் வழுக்கியது. என் பிடியில் அது நிற்கவில்லை. அவர் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கினார். பக்கத்து வீட்டார் மூங்கில் ஏணியோடு ஓடி வந்து இறக்கினார்கள். முழங்காலில் ஆறு தையல். அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் இன்னும் எனக்குக் கை நடுங்குகிறது.

பிறகு விசாரித்தபோதுதான், ஏணியைச் சார்த்தித் தளத்தில் ஏறி இறங்குவதென்றால் விளிம்புக்கு மேல் குறைந்தது மூன்றடி நீண்டிருக்க வேண்டும் என்பதும், நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடிப்பகுதியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதும் தெரியவந்தன. அந்தக் கணக்கில் 10 அடித் தளத்துக்கு ஏறத்தாழ 13.5 அடி ஏணி தேவை. தளத்தின் உயரத்தை நான் சொன்ன பிறகும் தங்கள் ஊழியர் 12.5 அடியைப் பரிந்துரைத்தது எப்படி என்பதே என் முதல் கேள்வி. ஏணியின் நீளம் வேறு, சாய்த்து வைத்தபின் அது எட்டும் உயரம் வேறு என்பது ஏணி விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டாவது வேலையை நினைத்தால் இதைவிட அச்சமாக இருக்கிறது. வாசல் விளக்கை மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் இந்த ஏணியைப் பார்த்ததும் ஏற மறுத்துவிட்டார். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும், வெயிலில் உறை வெடித்த ஒயர் அதில் பட்டால் ஏறியவர் உயிர் பிழைப்பது அரிது, இங்கே மெயினை நிறுத்திவிட்டு, ஈரமில்லாத ஃபைபர் ஏணியில்தான் ஏற வேண்டும் என்றார். மெயினை நிறுத்தினாலும் கம்பத்திலிருந்து வரும் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதையும் அவரே சொன்னார். அவர் வராமல் நாங்களே ஏறியிருந்தால் இந்தக் கடிதம் வேறு விதமாக அமைந்திருக்கும்.

பெட்டியில் இருந்த ஒற்றைத் தாளில் ஆங்கிலத்தில் உத்தரவாத விதிகள் மட்டுமே உள்ளன. சார்த்த வேண்டிய சாய்வு, ஒவ்வொரு படியின் பூட்டும் விழுந்ததா என்று கீழிருந்தே சரிபார்த்தபின் ஏறுவது, மின்கம்பிகளின் அருகே கூடாது என்ற எச்சரிக்கை ஆகிய எதுவும் இல்லை. பெட்டியில் அச்சிட்டுள்ள 150 கிலோ என்ற எடை வரம்புகூட ஏணியின் மேல் ஒட்டப்படவில்லை. ஏறும் ஆளோடு அவர் கொண்டுபோகும் வாளியும் கருவிகளும் அதில் அடக்கம் என்பதைத் தாங்கள்தானே சொல்ல வேண்டும்?

ஆகவே, ஏணியைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்று, முழுத் தொகையையும் மருத்துவச் செலவையும் 15 நாட்களுக்குள் வழங்க வேண்டும். விற்பனைப் பக்கத்தில் உள்ள வாசகத்தை நீக்கி, மின் எச்சரிக்கையையும் தமிழில் பயன்பாட்டுக் குறிப்பையும் சேர்க்க வேண்டும். இதே ஏணியை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும், முக்கியமாக ரப்பர் புஷ் கழல்வதைப் பற்றி, தகவல் அனுப்ப வேண்டும். பணத்தைவிட இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

போதிய எச்சரிக்கை இல்லாத பொருளால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் பிரிவு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் உள்ளது. தக்க பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். ரசீது, கழன்ற புஷ்ஷின் படங்கள், மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்