கசானில் ஆட்டத்தோடு ஓராண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், சங்க உறுப்பினர்களுக்கும், கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை ரஷ்யாவின் தாத்தார்ஸ்தான் குடியரசுத் தலைநகரான இந்தக் கசானில் நம் தமிழ்ச் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபாவளி, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு மூன்றும் நல்லபடியாக நடந்தன. புதிதாக வந்த மருத்துவ மாணவர்களுக்குக் குளிர்கோட்டு வாங்குவதிலிருந்து விடுதிப் பதிவு வரை மூத்த மாணவர்கள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். ஞாயிறு தமிழ் வகுப்பு கடுங்குளிரில் சில வாரம் நின்றுபோய், அப்புறம் தொடர்ந்தது. மற்றபடி இந்த ஆண்டு நம் நேரத்தையும் பணத்தையும் தின்றது நடனம்தான். ஆகவே அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு யோசனை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பொங்கல் விழாவுக்கு உள்ளூர் நண்பர்களையும் அழைக்கிறோம், நம் பிள்ளைகள் ஒரு ரஷ்ய நடனம் ஆடினால் நன்றாக இருக்குமே என்றார் ஓர் அக்கா. அவர் மனத்தில் இருந்தது எல்லோருக்கும் தெரிந்த காட்சி: சிவப்புச் சட்டை, மார்பில் கட்டிய கை, குந்தியபடியே காலை உதைத்து எழும் ஆண்கள். சரியென்று, கலாச்சார மாளிகை ஒன்றில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் ஆசிரியை ஒருவரைப் போய்ப் பார்த்தோம். எந்த ஊர் ஆட்டம் வேண்டும் என்பதுதான் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி. செயற்குழுவில் யாரிடமும் பதில் இல்லை. பொங்கலுக்கு ஒரு சின்ன ஆட்டம் போதும், மிச்ச ஆண்டு முழுக்க விஷயத்தைத் தெரிந்துகொள்வோம் என்று அன்றே முடிவானது.

வகுப்பு ஹரவோத்தில் தொடங்கியது. கைகோத்து, பாட்டுப் பாடி, வட்டமாகச் சுற்றுவது. நம் அம்மாக்கள் உடனே "கும்மிதானே" என்று கிளம்பிவிட்டார்கள். பாட்டும் வட்டமும் இருப்பதால் அப்படித் தோன்றும். ஆனால் எல்லாவற்றுக்கும் நம்மூரில் ஓர் உறவுமுறை கண்டுபிடித்துவிட்டால் எதிரே இருப்பதைப் பார்க்காமலே போய்விடுவோம் என்பது என் கருத்து. ஹரவோத் என்ற ஒரே பெயருக்குள் இருக்கும் வேறுபாடே நமக்கு ஆறு மாதப் பாடமாக இருந்தது.

வடக்கே பெச்சோரா ஆற்றங்கரையில் உஸ்த்-சில்மா என்றோர் ஊர். 17ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சீர்திருத்தத்தை ஏற்க மறுத்த 'பழைய நம்பிக்கையாளர்'களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். ஜூலை 7 இவான் நாளிலும் ஜூலை 12 பேதுரு நாளிலும் 'கோர்க்கா' ஆடுகிறார்கள். பாட்டி, கொள்ளுப்பாட்டி பெட்டியிலிருந்து எடுத்த பட்டும் சரிகையுமான உடை. முகத்தில் சிரிப்பு இல்லை, உடம்பில் குலுக்கல் இல்லை. இரண்டு வரிசை, பிறகு வட்டம், பிறகு வேலி பின்னுவதுபோல ஒருவருக்குள் ஒருவர் நுழைந்து வருதல் என்று வடிவம் மாறிக்கொண்டே போகும். வேகமான ஆட்டம் கடைசியில்தான் வரும். இதைக் காணொளியில் பார்த்த நம் இளைஞர்கள், "இவங்க எப்பதான் ஆட ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டார்கள். அவர்கள் ஆரம்பித்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

தெற்கே கூர்ஸ்க், பெல்கொரோத் பக்கம் போனால் எல்லாம் தலைகீழ். அங்கே வட்டத்துக்குக் 'கரகோத்' என்று பெயர். நிறம் அள்ளித் தெளித்த உடை, உரத்த குரல், தரை அதிரும் கால்தட்டு. பெல்கொரோத்தில் ஒரு பெண் அடிப்படைத் தாளத்தைத் தட்ட, இன்னொருத்தி அதைக் குறுக்கே வெட்டித் தட்டுவாள். இதைப் 'பெரெசேக்' என்கிறார்கள். மிருதங்கம் படித்த நம் தம்பி ஒருவர் இந்த ஒரு விஷயத்துக்காகவே வகுப்பைத் தவறவிடாமல் வந்தார். கூர்ஸ்க் கிராமங்களில் பெண்கள் 'குகிக்லி' என்னும் நாணல் குழல்களை ஊதுவார்கள். ஒரு குழலுக்கும் அடுத்த குழலுக்கும் இடையே தங்கள் குரலையும் செருகுவார்கள்.

சுத்தமான ரஷ்ய ஆட்டம் எது என்ற கேள்விக்கு ஆசிரியை சிரித்துக்கொண்டே காட்ரிலைக் கற்றுக்கொடுத்தார். பிரெஞ்சு வரவேற்பறை ஆட்டமாக வந்து, பிரபுக்கள் வீட்டிலிருந்து இறங்கி, 19ஆம் நூற்றாண்டில் கிராமத்துக்குள் நுழைந்தது அது. அங்கே கார்மோன் என்னும் கைத்துருத்திப் பெட்டியோடு சேர்ந்து, ஊருக்கு ஓர் அமைப்பாக மாறிவிட்டது. இப்போது அதைக் கடன் வாங்கியது என்று சொன்னால் எந்தக் கிராமமும் ஏற்காது. இன்னொரு பக்கம், ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடிய ஸ்கொமொரோஹி கலைஞர்களை 1648இல் ஜார் அலெக்ஸேய் மிகைலோவிச் ஆணையிட்டுத் தடைசெய்தார். அவர்களின் இசைக்கருவிகளைப் பிடுங்கி எரித்தார்கள். மண்ணில் பிறந்ததற்கு அந்தக் கதி, வெளியிலிருந்து வந்ததற்கு இந்த வரவேற்பு.

நவம்பர் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம் நடந்தது. அதையும் பதிவு செய்கிறேன். உலகம் ரஷ்ய நடனம் என்று அறிந்திருப்பது பெரும்பாலும் மேடைக் குழுக்களைத்தான். போல்ஷோய் அரங்கில் பாலே ஆடிய இகோர் மொய்சேயெவ் 1937இல் தன் குழுவைத் தொடங்கினார். கிராம அசைவுகளை எடுத்துக்கொண்டு, பாலே பயின்ற உடல்களைக் கொண்டு, மேடைக்கு ஏற்ற வேகத்தில் புதிதாக அமைத்தார். 2007இல் 101 வயதில் காலமானார். நதேழ்தா நதேழ்தினா 1948இல் தொடங்கிய பெர்யோஸ்கா குழுவில், தரையைத் தொடும் சராஃபான் உடைக்குள் பெண்கள் நுனிக்காலில் பொடிநடை வைப்பதால், மிதந்து போவதாகவே நமக்குத் தெரிகிறது. இதெல்லாம் போலி என்றார் ஒருவர். பாலே இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்றார் இன்னொருவர். நான் எழுந்து சொன்னது இதுதான்: கிராமத்தில் ஆடுபவர் வட்டத்தின் நடுவைப் பார்க்கிறார், மேடையில் ஆடுபவர் பார்வையாளரைப் பார்க்கிறார். திசை மாறும்போது ஆட்டமும் மாறத்தான் செய்யும். அது மோசடி ஆகாது. ஆனால் ஒரு மேடைக் குழுவைப் பார்த்துவிட்டு நாட்டையே பார்த்துவிட்டதாகச் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இந்த நாட்டில் 190க்கும் மேற்பட்ட இனங்கள். டிசம்பரிலிருந்து மாதம் ஒரு மாலையை ஒவ்வொரு மக்களின் ஆட்டத்துக்கென ஒதுக்கினோம். தாத்தார் ஆட்டத்தைப் பார்க்க நாம் எங்கும் போகவேண்டியதில்லை. வண்ணத்தோல் துண்டுகளை ஒட்டித் தைத்த இச்சிகி என்னும் மென்மையான காலணி, அதற்கேற்ற நுணுக்கமான காலடி, பெண்களின் தாழ்ந்த பார்வை எல்லாம் நம் தெருமுனைத் திருமண மண்டபத்திலேயே கிடைக்கும். பக்கத்துப் பாஷ்கிர் குடியரசில் ஃபாய்ஸி காஸ்கரோவ் 1939இல் நிறுவிய குழுவின் ஆட்டங்களைப் பார்த்தோம். தாகெஸ்தான் மாணவர்கள் லெஸ்கின்கா ஆடிக் காட்டினார்கள். பெண்ணை ஆண் தொடவே கூடாது, ஆனால் அவள் போகும் வழியெல்லாம் சுற்றிச் சுற்றி வரவேண்டும்.

கல்மிக்கியர்களின் தோள் நடுங்கும் ஆட்டத்தையும் செச்சென் ஆட்டத்தையும் பார்த்த மாலை எளிதாக முடியவில்லை. 1943 டிசம்பரில் கல்மிக்கியர்களும் 1944 பிப்ரவரியில் செச்சென், இங்குஷ் மக்களும் மொத்தமாக ரயிலில் ஏற்றப்பட்டுச் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் கடத்தப்பட்டார்கள். 1957 வாக்கில்தான் ஊர் திரும்ப முடிந்தது. செச்சென்களின் 'வாய்னாஹ்' நடனக்குழு 1939இல் தொடங்கியது என்று விழா அட்டைகளில் படிக்கிறோம். அந்தத் தேதிக்குப் பிறகு வரும் இடைவெளி அட்டையில் இருக்காது. பல இன மக்கள் கூடி ஆடும் மேடையைப் பார்த்துக் கைதட்டும்போது இதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் அறிக்கையில் சேர்க்கிறேன்.

யாகுத்திய மாணவர்கள் ஒசுஹாய் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவர் அந்தக் கணத்திலேயே பாட்டைக் கட்டிப் பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு, சூரியன் போகும் திசையில் நகர வேண்டும். கோடையில் இஸியாஹ் விழாவில் ஆயிரக்கணக்கானோர் ஆடும் ஆட்டம். சுலபம் என்று வட்டத்துக்குள் போன நம் உறுப்பினர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

பொங்கல் விழாவில் பிள்ளைகள் ஒரு ஹரவோத்தும் ஒரு தாத்தார் ஆட்டமும் ஆடினார்கள். அதில் நடந்த ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். பேசி முன்பணமும் கொடுத்திருந்த அரங்கத்தார், நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது இடம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்தின் கீழ் பானை வைத்தோம். முன்பணம் இன்னும் திரும்பவில்லை.

மே மாதக் கடைசியில் லாயிஷெவோ வட்டாரத்தின் நிக்கோல்ஸ்கோயே கிராமத்துக்குப் பேருந்தில் போனோம். புனித நிக்கோலாஸின் வசந்தத் திருநாளை ஒட்டி அங்கே 'கரவோன்' திருவிழா. பாடிக்கொண்டே கைகோத்து நீளும் சங்கிலியில் யார் வேண்டுமானாலும் சேரலாம். நம் பெண்கள் சேலையோடு சேர்ந்தார்கள், யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. ஜூனில், விதைப்பு முடிந்த கையோடு வரும் சபன்துய். மல்யுத்தத்தில் வென்றவருக்கு ஆட்டுக்கடா பரிசு என்பதைப் பிள்ளைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதே தாத்தார்ஸ்தானில் சுவாஷ் மக்களின் உயாவ், உதுமுர்த் மக்களின் கிரோன் பித்தோன், மாரி மக்களின் செமிக், மொர்துவா மக்களின் பல்தாய், கிரியாஷென்களின் பித்ராவ் என்று கோடைத் திருவிழாக்கள் வரிசையாக உண்டு. இந்த ஆண்டு கரவோன், சபன்துய் இரண்டைத்தான் எட்ட முடிந்தது. வரும் ஆண்டில் உயாவும் பித்ராவும் பார்க்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது.

இன்னொரு தீர்மானத்தையும் ஒப்புதலுக்கு வைக்கிறேன். இனி நம் அழைப்பிதழ்களில் வெறுமனே 'ரஷ்ய நடனம்' என்று போட வேண்டாம். எந்த மக்களுடையது, எந்த ஊருடையது என்று எழுதுவோம். நம் பரதத்தையும் கரகாட்டத்தையும் யாராவது மொத்தமாக 'இந்திய நடனம்' என்று அறிவித்தால் இந்த அறையில் எத்தனை பேர் எழுந்து நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வரவு செலவைப் பொருளாளர் அடுத்துப் படிப்பார். உடை வாடகையில் நாம் நினைத்ததைவிடக் கூடுதலாகப் போயிருக்கிறது. அதற்கு ஒரு காரணம் திரும்பி வராத இச்சிகி ஜோடிகள். வீட்டில் வைத்திருப்பவர்கள் தேநீர் இடைவேளைக்குள் என்னிடம் ஒப்படைத்தால் பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிறேன்.