எரிவாயுக் கரைசலில் கிருமி இல்லையா?

ஆசிரியருக்கு,

சாண எரிவாயுக் கலனிலிருந்து வழியும் கரைசலைக் கிருமியே இல்லாத உரம் என்று பலரும் சொல்கிறார்கள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

நம் வீட்டுக் கலன்களை யாரும் தனியாகச் சூடாக்குவதில்லை. வெயில் கொடுக்கிற சூடுதான். அதில் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகள் நாள்பட நாள்படக் குறையும்; அடியோடு ஒழியாது. டெட்டனஸ் கிருமியின் வித்துகளோ (கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் கிருமி) அசைந்துகூடக் கொடுக்காது. அப்புறம், சாணம் 40 நாள் உள்ளே கிடக்கிறது என்பதெல்லாம் சராசரிக் கணக்கு. காலையில் இந்தப் பக்கம் கரைத்து ஊற்றியதும் அந்தப் பக்கம் வழிகிறதே, அதில் நாலைந்து நாளுக்கு முன் போட்ட சாணமும் கொஞ்சம் கலந்துதான் வரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இறைச்சிக் கழிவைக் கலனில் போடுவதானால் பொதுவாக 70 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நாலு மாடு வைத்திருப்பவருக்கு அது ஆகிற காரியமில்லை, சரி. ஆனால் கரைசலை வாய்க்கால் வெட்டி நேரே கொத்தமல்லிப் பாத்தியில் விடுவதையாவது நிறுத்தலாமே! தென்னைக்கு விட்டால் கவலை குறைவு. பச்சையாகத் தின்னும் காய், தழைகளுக்கு, இலைதழைக் குப்பையோடு சேர்த்து நன்றாகச் சூடேறி மக்கிய பிறகு போடட்டும்.

சாணத்திலிருந்தும் கழிவிலிருந்தும் எரிவாயு, உரம் எடுப்பதற்கான மத்திய அரசின் கோபர்தன் திட்டம் 2018 முதல் நடக்கிறது. கலன் கட்ட உதவுகிறவர்கள் கரைசலை எப்படிக் கையாள்வது என்பதையும் விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

- ஒரு வாசகர், தாராபுரம்